பாதியில் நின்ற சாவு அடி

ஹாலிஎலயிலிருந்து மேலே ஏறும் பாதையில் வெள்ளக்கல் தோட்டத்துக்கு வழி கேட்டுப் பாருங்கள். வழி பிறகுதான் வரும். முதலில் விஜேந்திரன் பெயர்தான் வரும். "நாப்பத்து மூணு பேர வெளிய கொண்டாந்த ஆளுங்க" என்பார்கள். சொல்லும்போது குரல் தானாகத் தாழும், கோயிலைக் கடக்கும்போது தாழுமே, அப்படி. ஆனால் அந்த மனிதர் மூன்று மாதமாக அந்தப் பேச்சு காதில் விழாத தூரம் பார்த்து ஒளிந்து திரிந்தார் என்பது அவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது.

விஜேந்திரனுக்கு நாற்பத்தெட்டு வயது. ஒடிசலான ஆள். கைகள் மட்டும் அந்த உடம்புக்குச் சம்பந்தமில்லாமல் பெரியவை. பதினெட்டு வயதில் தோட்டத்தில் பெயர் பதிந்து, கவ்வாத்து வெட்டி, பதினைந்து வருடம் தேயிலையோடு மாரடித்தார். பிறகு, தொழிலாளர் வரிசை வீடான கீழ் லயத்துக்கும் கீழே தேயிலை செத்து மானாப்புல் மண்டிக் கிடந்த சரிவில் கால் ஏக்கரைக் கேட்டு வாங்கி, மம்பட்டியோடு இறங்கிவிட்டார். ஆடு நிற்கவே யோசிக்கிற சரிவு அது. கல் பொறுக்கிக் கட்டுக் கட்டி, கட்டுக்குப் பின்னால் மண்ணைச் சாக்கில் சுமந்து கொட்டி, ஆறு வருடத்தில் ஏழு படி எடுத்தார். உருளைக்கிழங்கு, லீக்ஸ், போஞ்சி என்று ஒன்று மாற்றி ஒன்று போட்டார். பதுளைச் சந்தையில் அவர் கிழங்கைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குகிறவர்கள் இருந்தார்கள்.

மற்றவர்கள் மண்ணைக் கண்ணால் பார்ப்பார்கள். இவர் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் உருட்டி, பெருவிரலால் நசுக்கி, உதிர்வதைப் பார்த்துவிட்டு "இன்னும் ரெண்டு நாள் காயணும்" என்பார். அவர் சொன்னால் சரியாக இரண்டு நாள்தான். "தாலி கட்டுற அன்னைக்கும் இந்த மனுசன் நகத்துக்குள்ள மண்ணுதான்" என்று அவர் மனைவி கலாராணி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். அப்பேர்ப்பட்ட கை, இனி மண்ணைத் தொடவே மாட்டேன் என்று நின்றுவிட்டது. மறுபடி தொடுமா தொடாதா என்பதுதான் இந்தக் கதை.

அவரிடம் இன்னொரு சாமானும் இருந்தது. அப்பா விட்டுப்போன தப்பு, மாட்டுத் தோல் போர்த்திய வட்டப் பறை. திருவிழாவுக்கு அடித்தால் ஆடுவார்கள், சாவுக்கு அடித்தால் அழுவார்கள், மற்ற நாளில் அடிக்கிறவனை ஒரு முழம் தள்ளி நிறுத்துவார்கள். இந்த விஷயத்தில் நம் சனத்தின் யோக்கியதை ஊரறிந்தது. புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அந்தக் கோபத்தில் விஜேந்திரன் தப்பை அடுப்புக்கு மேலே பரணில் போட்டுவிட்டு மண்ணோடு இருந்துகொண்டார். திருவிழாவுக்குக் கூப்பிட்டால் "கை வலி" என்பார். சாவுக்கு மட்டும் மறுத்ததில்லை.

வெள்ளக்கல்லில் ஒரு வழக்கம் உண்டு. லயத்தில் ஒரு உயிர் போனால் யாரும் கதவைத் தட்டிச் சொல்வதில்லை. சாவு அடி கேட்கும். கேட்டதும் வீட்டுக்கு ஒருவர் என்பதெல்லாம் கிடையாது, நடக்கக்கூடிய அத்தனை பேரும் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு வெளியே வரவேண்டும். சண்டைக்காரன் வீட்டுச் சாவானாலும் வரவேண்டும். வந்ததும் முதலில் கேட்கிற கேள்வி, "யாரு?" அடிக்கிறவர் அடியை நிறுத்தாமலே பெயரைச் சொல்வார். அதற்குப் பிறகும் அடி உண்டு. முதலாவது கூப்பிடுகிற அடி. அடுத்தது வழி நடக்கிற அடி. குழிமேட்டில் பிடி மண் போடும்போது கடைசி அடி. தொடங்கியவர் மூன்றையும் முடித்துவிட்டுத்தான் தப்பைக் கீழே வைக்கலாம். பாதியில் வைத்தால் போனவர் போகிற வழியிலேயே நின்றுவிடுவார் என்று நம்பிக்கை. வேதக்காரக் குடும்பங்களும் இதில் வேறு இல்லை. சாமியார் ஜெபம் சொல்லி முடித்த பிறகு கடைசி அடி கேட்டால்தான் அவர்களுக்கும் மனசு ஆறும்.

2025 கார்த்திகைப் புயலின்போது மூன்று நாள் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. கரண்ட் போனது, போன் போனது, பதுளைக்கு ரயிலும் பஸ்ஸும் நின்றன. நான்காம் நாள் காலை பத்து மணி வாக்கில் விஜேந்திரன் குடத்தோடு பீலிக்குப் போனார். மலையிலிருந்து இறங்கி லயம் முழுக்கத் தண்ணீர் கொடுக்கிற பீலி அது. அந்த மழைக்கு அது கரை உடைத்துப் பாய்ந்திருக்கவேண்டும். ஒரு சொட்டு வரவில்லை.

குடம் கையில் இருக்க அப்படியே நின்றார். மூன்று நாள் பெய்த தண்ணீர் பீலிக்கு வரவில்லை என்றால் அது மலைக்குள்ளே நிற்கிறது. கீழே ஓடித் தன் படிகளைப் பார்த்தார். நாலாம் படியின் கல்கட்டு வயிறு தள்ளி நின்றது, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கல் பிதுங்கி உருண்டது. மண்ணை அவ்வளவு தெரிந்த மனிதருக்கு வேறு யாரும் வந்து எதுவும் சொல்லத் தேவையிருக்கவில்லை. குடத்தைப் போட்டுவிட்டு ஓடினார்.

"மல வருது! எல்லாம் வெளிய வாங்க! கோயில் பாறைக்கு ஏறுங்க!" என்று லயத்து வீடுகளை ஒவ்வொரு காம்பராவாகத் தட்டிக்கொண்டு போனார்.

"இந்த மழையிலயா? போய்யா!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"போன தடவயும் இப்பிடித்தான் சொன்னாங்க" என்றது இன்னொரு கதவு.

அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. எட்டு வருடத்தில் ஆறு தடவை எச்சரிக்கை என்று கிளப்பி, ஸ்கூலில் கொண்டுபோய் இருத்தி, நாலு நாள் கழித்துத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் கோழி காணாமல் போனது, கேஸ் சிலிண்டர் காணாமல் போனது, மலை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. ஏழாவது தடவை விஜேந்திரன் சொன்னதும் எழும்பிவிடுவார்களா? பத்துக் காம்பரா லயத்தில் இரண்டு பேர்தான் தலையை வெளியே நீட்டினார்கள், அவர்களும் நனைகிறதென்று உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

அவருக்கு அந்த யோசனை எப்படி வந்தது என்று அவரைக் கேட்டாலும் சொல்லத் தெரியாது. நேராகத் தன் காம்பராவுக்குள் போய்ப் பரணிலிருந்து தப்பை இறக்கினார். மூன்று நாள் ஈரத்தில் தோல் தொங்கிப்போயிருந்தது. தொங்கிய தோல் சத்தம் போடாது, அனலில் காட்டி முறுக்கேற்ற வேண்டும். அடுப்பில் ரொட்டிச் சட்டி இருந்தது. அதை இழுத்து இறக்கிவிட்டு, தப்பை நெருப்புக்கு நேரே பிடித்தார்.

"யாருங்க போயிட்டாங்க?" என்று கலாராணி பதறினார்.

"யாரும் போகல. நீ வாயத் தொறக்காம எனக்கு முன்னால நட."

"ஆளு சாகாம சாவு அடியா? என்னங்க இது, அடுக்குமா?"

மலை எந்த நிமிடமும் வரும், தோல் காயவேண்டும். வருகிற சாவை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் அடுப்படியில் குந்தி, தப்பை இப்படியும் அப்படியும் திருப்பிக் காய்ச்சிக்கொண்டிருந்தான். நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது. விரலால் ஒரு தட்டுத் தட்டினார், தோல் பேசியது, எழும்பிவிட்டார்.

கொட்டுகிற மழையில் லயத்துக்கு முன்னால் நின்று கூப்பிடுகிற அடியை எடுத்தார். அவ்வளவுதான். கத்தியபோது திறக்காத கதவெல்லாம் திறந்தது. ரொட்டி மாவுக் கையோடு வந்தார்கள், காய்ச்சல்காரர் கம்பளியோடு வந்தார், கைப்பிள்ளையைப் பொலித்தீனில் சுற்றிக்கொண்டு ஒருத்தி வந்தாள். கேஸ் சிலிண்டரை யாரும் நினைக்கவில்லை, கோழியை யாரும் நினைக்கவில்லை. உயிருக்குப் பயந்து வெளியே வராத சனம், எவருடையதோ சாவுக்கு மரியாதை செய்ய அந்த மழையில் வந்து நின்றது. இதை என்னவென்று சொல்வது? கையெடுத்துக் கும்பிடத்தான் தோன்றுகிறது.

"யாரு? யாருப்பா போனது?" என்று எல்லோரும் கேட்டார்கள்.

விஜேந்திரன் வாயைத் திறக்கவில்லை. யாரும் போகவில்லை என்றால் திரும்பிவிடுவார்கள். ஒரு பெயரைப் பொய்யாகச் சொன்னால் அந்த வீட்டுக்கு ஓடுவார்கள். அடித்தபடியே கோயில் பாறைப் பக்கம் திரும்பி நடந்தார். மேல் லயத்தில் சாவு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு சனமும் பின்னால் நடந்தது.

கடைசிக் காம்பராவைக் கடக்கும்போது சூசையம்மா இஸ்தோப்புத் திண்ணையிலிருந்து இறங்கி வந்தார். அறுபத்தொரு வயது, விஜேந்திரனுக்குப் பக்கத்து வீட்டு அக்கா மாதிரி. அவர் கணவர் கபிரியேல் இருதய கிளினிக்குக்காகப் பதுளைக்குப் போய், பாதை உடைந்து அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தார். சூசையம்மா தலையில் பொலித்தீனைப் பிடித்துக்கொண்டு விஜேந்திரனுக்கு நேரே வந்து நின்றார்.

"யாருப்பா தம்பி?"

பதில் இல்லை. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு சூசையம்மா குரலைத் தாழ்த்தினார். "சரி சரி, சொல்ல முடியலன்னா விடு. வெறுங்கையோட எப்பிடி வாறது? மெழுகுதிரி எடுத்துக்கிட்டு வாறேன். நீ முன்னால போ."

சொல்லிவிட்டுத் திரும்பி உள்ளே போனார்.

கையை நிறுத்தி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "அக்கா, போகாதீங்க, மல வருது" என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பின்னால் வருகிற நாற்பது பேருக்கும் கேட்கும். அடி நின்றால் நடை நிற்கும், நடை நின்றால் பாதிப் பேர் வீட்டுக்குத் திரும்புவார்கள். இத்தனையையும் அவர் யோசித்தாரா, யோசிக்க நேரம் இருந்ததா என்று தெரியாது. கை நிற்கவில்லை. வாய் திறக்கவில்லை. கால் நடந்தது.

பாறையில் ஏறி முடித்தபோது சனம் கோபத்தில் இருந்தது. சாவும் இல்லை, பாடையும் இல்லை. "என்னய்யா விளையாட்டு இது?" என்று ஒருவர் அவர் சட்டையைப் பிடித்தார். பிடித்த கை அப்படியே நிற்க, மலை இறங்கியது. இடி என்று நினைத்தார்களாம், ஆனால் சத்தம் காலுக்குக் கீழேயிருந்து வந்தது. தேயிலை நின்றபடியே நகர்ந்தது. லயத்தின் தகரக்கூரை ஒரே ஒரு தடவை மேலே தெரிந்தது, பிறகு தெரியவில்லை. மறுபடி பார்த்தபோது கீழ் லயம் இருந்த இடத்தில் சிவப்பு மண் மட்டும் இருந்தது, அதன் மேல் மழை பெய்துகொண்டிருந்தது. சட்டையைப் பிடித்தவர் அப்படியே விஜேந்திரன் காலில் விழுந்தார். விஜேந்திரன் கையிலிருந்து தப்பு நழுவிப் பாறையில் விழுந்தது. எண்ணிப் பார்த்தார்கள், நாற்பத்து மூன்று பேர் இருந்தார்கள். சூசையம்மா வரவில்லை.

பிறகு மூன்று மாதம் ஸ்கூலில் முகாம். ஆரம்பத்தில் கமராவோடு வந்தார்கள், சால்வையோடு வந்தார்கள். விஜேந்திரன் கக்கூஸுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். முகாமில் இருந்த எல்லோருமே ஏதோ ஒரு விதத்தில் உடைந்துதான் இருந்தார்கள். ஒருவர் அடையாள அட்டையைப் பொலித்தீனில் போட்டுக் கழுத்தில் கட்டியிருந்தார், குளிக்கும்போதும் அவிழ்க்கமாட்டார். லீக்ஸ் நாற்று நடப்போன இன்னொருவர் தூறல் விழுந்ததும் நாற்றைப் போட்டுவிட்டு ஓடிவந்தார், பிறகு போகவே இல்லை. ஒருநாள் பிள்ளைகளுக்கு விளையாட்டுக் காட்ட வெளியூர்ச் சங்கம் ஒன்று மேளத்தோடு வந்தது. முதல் அடி விழுந்ததுதான் தாமதம், அரை நிமிடத்தில் முகாம் முழுவதும் மைதானத்தில் நின்றது. கைப்பிள்ளை, காய்ச்சல்காரர், அகப்பையோடு ஒருத்தி, எல்லாம். மேளக்காரர்கள் வாயடைத்துப்போய் மேளத்தைச் சாக்கில் சுற்றிக்கொண்டு கிளம்பினார்கள்.

விஜேந்திரனுக்கு வந்தது கையில். நாளைக்கு இருபது தடவை சோப்புப் போட்டுக் கழுவினார், தோல் வெடிக்கும்வரை கழுவினார். சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டார். நடந்தால் சிமெந்தில் நடந்தார், மண்ணில் செருப்பில்லாமல் கால் வைக்கவில்லை. காரணம் கலாராணிக்கு மட்டும் ஒரு தடவை சொன்னார்: "ஆளு இல்லாம சாவக் கூப்பிட்டேன். அது வந்து ஆள எடுத்துக்கிட்டுப் போயிருச்சு. இந்தக் கை எத மண்ணுல வச்சாலும் அது இனி பொதைக்கிறதுதான், நடுறது இல்ல."

அவருடைய ஏழு படியில் ஓரத்து மூன்று படி பிழைத்திருந்தது. மண்சரிவின் எல்லைக்கு வெளியேதான் இருக்கிறது, அங்கே பயிர் செய்யலாம் என்று வந்து பார்த்த அதிகாரிகளும் சொல்லிவிட்டார்கள். தையில் எல்லா விவசாயிகளுக்கும் ஆளுக்கொரு சாக்கு விதைக்கிழங்கு கிடைத்தது. கலாராணி அதை அவர் படுக்கிற பெஞ்சுக்குக் கீழே வைத்து, தினமும் காலையில் வாயைப் பிரித்துக் காட்டுவார்.

"மொள விட்டிருச்சு, பாருங்க."

"நீயே போய்ப் போடு கலா."

"எனக்குப் போடத் தெரியாமலா காட்டுறேன்? நான் போட்டா கெழங்கு வரும், நீங்க வரமாட்டீங்க. அழுகினா அழுகட்டும்."

முளை அரை அங்குலம், ஒரு அங்குலம் என்று நீண்டது. கிழங்கு சுருங்கத் தொடங்கியது. இன்னும் ஒரு வாரம் போனால் அது விதைக்கும் ஆகாது, கறிக்கும் ஆகாது.

கபிரியேல் ஒன்பதாம் நாள் நடந்தே வந்து சேர்ந்திருந்தார். சூசையம்மாவின் உடம்பு கிடைக்கவில்லை. தோண்டினார்கள், பிறகு தோண்டினால் இன்னும் சரியும் என்று நிறுத்திவிட்டார்கள். கபிரியேல் தினமும் காலையில் சரிவின் விளிம்புக்குப் போய் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டு வருவார். வந்ததும் எதிரில் வருகிற ஆளிடம் ஒரே கேள்வி. "வெளிய வந்தாளாமே. வந்தவ ஏன் திரும்ப உள்ள போனா?"

யாருக்கும் தெரியாது. தெரியாது என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். சனத்தின் வாய் சும்மா இருக்குமா? ஆட்டை அவிழ்க்கப் போயிருப்பா என்றார்கள். பிறகு, சங்கிலியை எடுக்கப் போயிருப்பா என்றது ஒரு வாய். சங்கிலிக்கு ஆசைப்பட்டுத்தான் உயிரை விட்டா என்று அது முகாம் முழுக்கச் சுற்றி வந்தது. கபிரியேல் காதிலும் விழுந்தது. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. பெஞ்சில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த விஜேந்திரனும் அதைக் கேட்டார்.

அந்தப் புதன்கிழமை லரீபா வந்தார். உளவள உத்தியோகத்தர், முப்பது வயதுப் பெண், பதுளையிலிருந்து பஸ்ஸில் வந்து கடைசி இரண்டு கட்டைத் தூரத்தை உடைந்த பாதையில் நடந்து வருவார். முதல் தடவை வந்தபோது, தப்பை மெதுவாக அடித்துப் பாருங்கள், மனசுக்கு நல்லது என்று சொல்லிவிட்டார். விஜேந்திரன் அங்கேயே வாந்தி எடுத்தார். மறு வாரம் அந்தப் பெண் வந்து, "நான் பிழையா சொல்லிட்டேன் அண்ணன், மன்னிச்சுக்கோங்க" என்றார். படித்தவர்கள் மன்னிப்புக் கேட்டு விஜேந்திரன் அதுவரை பார்த்ததில்லை. அதிலிருந்து அவர் வந்தால் எழும்பி உட்காருவார். இன்று லரீபா வெடித்த கைகளைப் பார்த்தார், களிம்பை எடுத்துக் கொடுத்தார்.

"அண்ணன், உங்களுக்குள்ள ஒண்ணு இருக்கு. அத எனக்குச் சொல்லத் தேவல்ல. யாருக்கிட்ட சொல்லணும்னு மட்டும் யோசிச்சுப் பாருங்க."

"அது எப்பவோ தெரியும் மிஸ்" என்றார் விஜேந்திரன்.

மறுநாள் காலை வெயில் நன்றாக ஏறிய பிறகு அவர் சரிவின் விளிம்புக்குப் போனார். மூன்று மாதத்தில் முதல் தடவை. கபிரியேல் தன் கல்லில் உட்கார்ந்திருந்தார். முன்னால் சிவப்பு மண் பள்ளம்வரை இறங்கிக் கிடந்தது, அதில் அங்கங்கே புல் பச்சை பிடித்திருந்தது.

"அண்ணே, அக்கா ஏன் உள்ள போனாங்கன்னு எனக்குத் தெரியும்."

கபிரியேல் திரும்பவில்லை. "சொல்லு."

எல்லாவற்றையும் சொன்னார். யாரு என்று சூசையம்மா கேட்டது, தான் பதில் சொல்லாதது, அவர் திரும்பிப் போனதைப் பார்த்தது, பார்த்தும் அடித்துக்கொண்டே நடந்தது. ஒன்றையும் விடவில்லை.

"அவ சொன்னத மறுபடி சொல்லு. ஒரு வார்த்த மாறாம."

"வெறுங்கையோட எப்பிடி வாறது, மெழுகுதிரி எடுத்துக்கிட்டு வாறேன், நீ முன்னால போன்னாங்க."

கபிரியேலின் தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று முதலில் தெரியவில்லை. "பெரிய மெழுகுதிரி ஒண்ணு வச்சிருந்தா. ரெண்டு வருசமா தொடமாட்டா. கரண்ட் போனாலும் கொளுத்தமாட்டா. என்னத்துக்கு வச்சிருக்கேன்னு கேட்டா, ஒங்க தலமாட்டுக்குன்னுவா. என் நெஞ்சு வருத்தம் தெரியுந்தானே. எனக்கு வச்ச மெழுகுதிரிய எடுக்கத்தான் போயிருக்கா. யாருன்னே தெரியாத ஒரு சாவுக்கு."



"நான் ஒரு வார்த்த சொல்லியிருந்தா அக்கா இருந்திருப்பாங்க" என்றார் விஜேந்திரன்.

"இருந்திருப்பா. இல்லன்னு நான் பொய் சொல்லமாட்டேன்." கபிரியேல் இப்போதுதான் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார். "மன்னிச்சேன்னு சொல்லவும் எனக்கு வாய் வரல தம்பி. நாளைக்கு வருமோ என்னமோ. ஆனா ஒண்ணு. நீ அன்னைக்குச் சாவு அடி அடிச்ச. ஆளில்லாம அடிச்சேன்னு நெனச்சுக்கிட்டிருக்க. ஆளிருந்திச்சு. அது அவளுக்கு அடிச்ச அடி. கூப்பிட்டுட்டுப் பாதியில போட்டுட்டு வந்துட்ட. அவ மெழுகுதிரியோட வழியில நிக்கிறா. போய்த் தப்ப எடுத்துட்டு வா. முடிச்சுக் குடு."

விஜேந்திரன் முகாமுக்குப் போகவேண்டியிருக்கவில்லை. கலாராணி பின்னாலேயே வந்து சற்றுத் தள்ளி நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டும் இருந்தார். அவர் ஓடிப்போய், பாறையில் விழுந்த அன்றே எடுத்துத் துணியில் சுற்றி வைத்திருந்த தப்பைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மறுபடி முகாமுக்கு இறங்கினார். கபிரியேல் காய்ந்த மானாப்புல்லைக் குவித்து நெருப்பு வைத்தார். விஜேந்திரன் குந்தி உட்கார்ந்து தோலைக் காய்ச்சினார். வெடித்த கைகளில் அனல் எரிந்தது. இந்தத் தடவை அவசரமில்லை.

கூப்பிடுகிற அடி சரிவைத் தாண்டி, பள்ளத்தைத் தாண்டி, எதிர்மேட்டில் இருந்த ஸ்கூலுக்குப் போனது. முகாம் அலறியது. கதவுகள் அடித்துக்கொண்டன. அரை நிமிடத்தில் அத்தனை பேரும் மைதானத்தில் நின்றார்கள், மலையைப் பார்த்தார்கள். மலை அசையவில்லை. மழை இல்லை. அடி மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. யாரோ சரிவின் விளிம்பைக் கைகாட்டினார்கள்.

விஜேந்திரன் முதுகைக் காட்டி நின்றார், அவருக்கு ஒன்றும் தெரியாது. கபிரியேல்தான் பார்த்தார். மைதானத்தில் கூட்டம் கலைந்து உள்ளே போனது. போச்சு, பயந்துவிட்டார்கள் என்று நினைத்தார். பிறகு ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். வெறுங்கையோடு ஒருத்தரும் வரவில்லை. முன்னால் கலாராணி முந்தானையில் அரிசியோடு. பின்னால் மெழுகுதிரி, ஊதுவத்தி, மைதான ஓரத்தில் பறித்த பூ. அடையாள அட்டை கட்டியவர் ஒரு தேங்காயோடு. கைப்பிள்ளைக்காரியும் காய்ச்சல்காரரும் வந்தார்கள். மூன்று மாதமாக அந்தச் சரிவின் பக்கம் தலைவைத்துப் படுக்காத சனம், ஒற்றையடிப் பாதையில் ஒருவர் பின் ஒருவராகப் பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறி, தங்கள் வீடுகளை விழுங்கிய மண்ணை நோக்கி நடந்து வந்தது. எந்தச் சத்தத்துக்கு ஓடினார்களோ அந்தச் சத்தத்தை நோக்கியே வந்தார்கள். கபிரியேல் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். இப்படியும் மனிதர்கள் இருப்பார்களா என்று அவர் வாய்விட்டே கேட்டாராம்.

"திரும்பாத. அடி" என்றார் விஜேந்திரனிடம்.

காலடிகள் பின்னால் வந்து நின்றன. அன்றைக்குச் சட்டையைப் பிடித்தவர்தான் முறைப்படி கேட்டார்.

"யாரு?"

விஜேந்திரன் கையை நிறுத்தவில்லை. வாயைத் திறந்தார்.

"சூசையம்மாக்கா. செத்தவங்களுக்கு மெழுகுதிரி எடுக்கப் போனாங்க. வேற எதுக்கும் போகல."

சங்கிலிக் கதையைச் சுற்றவிட்ட வாய்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தன. அவைதான் முதலில் ஓலமிட்டு அழுதன. வழி நடக்கிற அடிக்கு எல்லோரும் விளிம்போரமாகச் சுற்றி, கடைசிக் காம்பராவுக்கு நேர் மேலே வந்து நின்றார்கள். மெழுகுதிரிகளைக் கொளுத்தி வைத்தார்கள். கபிரியேல் ஜெபம் சொன்னார். கடைசி அடி எழும்ப, ஒவ்வொருவராகக் குனிந்து ஒரு பிடி மண் அள்ளிப் போட்டார்கள். எல்லோரும் போட்டு முடித்த பிறகு அடி நின்றது. விஜேந்திரன் தப்பைக் கீழே வைத்தார். இப்போது வைக்கலாம்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். அந்தப் பெரிய கை மண்ணின் மேல் கொஞ்ச நேரம் சும்மா நின்றது. பிறகு கை உள்ளே இறங்கியது. ஒரு பிடி அள்ளினார், நிமிர்ந்தார், போடவில்லை. பழக்கம் விடவில்லை. உள்ளங்கையில் வைத்து உருட்டி, பெருவிரலால் நசுக்கி, உதிர்வதைப் பார்த்தார். பிறகுதான் சூசையம்மாவின் பெயரைச் சொல்லிப் போட்டார்.

கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கியபோது நெற்றியெல்லாம் மண் அப்பியது. கலாராணியைத் திரும்பிப் பார்த்தார்.

"ஈரம் சரியா இருக்கு கலா" என்றார். "நாளைக்கே போட்டுருவோம்."